பிலாத்துவிடம் கேட்டு வாங்கிய உடல்

(வானொலியில் வழங்கப்பட்ட மறையுரையின் எழுத்து வடிவம்)



ஆண்டவர் சிலுவையில் உயிர்விட்ட அந்த வெள்ளிக்கிழமை மாலை நடந்த ஓர் அலுவலகக் காரியத்தை நான்கு நற்செய்தியாளர்களும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள். அரிமத்தியா ஊர் யோசேப்பு ஆளுநர் பிலாத்துவிடம் போய் இயேசுவின் உடலைக் கேட்கிறார். அவர் துணிந்து போனார் என்று மாற்கு சொல்கிறார். பிலாத்து உடனே கொடுத்துவிடவில்லை. இதற்குள் இறந்துவிட்டாரா என்று வியக்கிறார், நூற்றுவர் தலைவரைக் கூப்பிட்டு விசாரிக்கிறார், உறுதியான பிறகுதான் உடலைக் கொடுக்க உத்தரவிடுகிறார். இன்று இறப்பைப் பதிவு செய்ய நாம் அலுவலகப் படி ஏறுகிறோமே, ஏறக்குறைய அதே நடைமுறைதான். நம் ஆண்டவரின் அடக்கம் அதிகாரியிடம் முறைப்படி கேட்டுப் பெற்ற அனுமதியின்பேரில் நடந்த அடக்கம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், பங்கில் ஏதாவது தகராறு வரும்போது, "சாமி, போலீசு, கேசு எல்லாம் நமக்கு எதுக்கு, ஜெபம் பண்ணுவோம்" என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். ஜெபம் செய்யத்தான் வேண்டும். ஆனால் யோசேப்பு ஜெபித்துவிட்டு வீட்டில் இருந்துவிடவில்லை. புனித பவுலை எருசலேமில் கட்டிவைத்துச் சாட்டையால் அடிக்கப் போனபோது, உரோமைக் குடிமகனைத் தீர்ப்பில்லாமல் அடிக்க உங்கள் சட்டம் இடம் கொடுக்கிறதா என்று அவர் கேட்டார். அடிக்க வந்தவர்கள் பயந்து விலகினார்கள். தன் நாட்டுச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருப்பது விசுவாசக் குறைவு ஆகாது.

மனிதன் தன்னைத்தானே காத்துக்கொள்ள முடியாமல் இருக்கும் நேரங்கள் மூன்று உண்டு. நோயில் படுத்திருக்கும்போது, கண்மூடி வழிபாட்டில் இருக்கும்போது, இறந்து பாடையில் கிடக்கும்போது. நோயாளி எழுந்து ஓட முடியாது. முழந்தாளில் இருப்பவர் பின்னால் வருபவரைப் பார்ப்பதில்லை. இறந்தவரோ தனக்காக ஒரு வார்த்தை பேச முடியாது. இந்த மூன்று நேரங்களுக்கும் நம் நாட்டுச் சட்டம் தனியாகக் காவல் வைத்திருக்கிறது. அந்தக் காவல் என்ன என்பதை இன்று கொஞ்சம் பார்ப்போம்.

நம் காலத்திலேயே, நம் மாநிலத் தலைநகரிலேயே நடந்த ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். 2020 ஏப்ரல் 19, கொரோனா ஊரடங்கின் முதல் மாதம். சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் ஹெர்குலிஸ் அந்த நோயால் இறந்தார். வயது 55. அன்று இரவு அவரைக் கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்ய ஏற்பாடு ஆனது. அங்கே மக்கள் கூடி எதிர்த்தார்கள். பிறகு உடலை வேலங்காட்டுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கல்லும் கட்டையும் பறந்தன. ஆம்புலன்ஸ் கண்ணாடி உடைந்தது, உடன் வந்தவர்களுக்குக் காயம். மனைவியும் மகனும் அடக்கத்தைப் பார்க்காமலே அங்கிருந்து கிளம்ப வேண்டியதாயிற்று. நள்ளிரவுக்கு மேல், போலீஸ் காவலோடு, அவருடைய நண்பரான இன்னொரு மருத்துவர் மண்வெட்டி பிடித்துக் குழியை மூடினார். உறவினர் பிடி மண் போடவில்லை. முறையான பிரியாவிடைச் சடங்கு எதுவும் இல்லை. கணவரின் உடலைத் தோண்டியெடுத்துக் கீழ்ப்பாக்கத்தில் முறையாக அடக்கம் செய்ய அனுமதிக்க வேண்டும் என்று அவர் மனைவி முதலமைச்சரிடம் காணொளி வழியாக வேண்டினார், பின்பு உயர் நீதிமன்றப் படியும் ஏறினார்.

கல் எறிந்தவர்களை நாம் எளிதாகத் திட்டிவிடலாம். பிணத்திலிருந்து நோய் பரவும் என்று யாரோ சொன்னதை நம்பிய, பிள்ளைகுட்டிக்காரர்கள்தான் அவர்களும். உரிய பாதுகாப்போடு அடக்கம் செய்தால் அக்கம்பக்கத்தாருக்கு ஆபத்து இல்லை என்பது அப்போதே சுகாதாரத் துறையின் வழிகாட்டுதலில் இருந்தது. அது அவர்கள் காதுக்குப் போய்ச் சேருவதற்குள் வதந்தி போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம், யாரும் வழக்குப் போடாமல், தானாகவே இதைக் கையில் எடுத்தது. அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு உயிர்வாழும் உரிமையைத் தருகிறது. கண்ணியமான அடக்கமும் அந்த உரிமைக்குள் அடங்கும் என்று நீதிபதிகள் சொன்னார்கள். உயிர் போன பிறகும் உயிர்வாழும் உரிமையில் ஒரு பங்கு மிச்சம் இருக்கிறது என்பது இதன் பொருள். உடலின் உயிர்ப்பை நம்புகிற நமக்கு இது புரியாத காரியம் அல்ல. அந்த மாத இறுதியில் தமிழ்நாடு அரசு 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அறிவிக்கப்பட்ட தொற்றுநோயால் இறந்தவரின் அடக்கத்தையோ தகனத்தையோ தடுத்தால் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. மத்திய அரசு ஏப்ரல் 22 அன்று 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தைத் திருத்தியது. கொள்ளைநோய்க் காலத்தில் மருத்துவரையோ செவிலியரையோ தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்தாண்டு வரை, கொடுங்காயம் என்றால் ஆறு மாதம் முதல் ஏழாண்டு வரை சிறை. உடைத்த பொருளுக்குச் சந்தை விலையைப்போல் இரண்டு மடங்கு இழப்பீடு.

கொள்ளைநோய் இல்லாத காலத்துக்கும் தமிழ்நாட்டில் சட்டம் உண்டு. 2008ஆம் ஆண்டின் 48ஆம் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். மருத்துவமனையில் வன்முறை செய்தால் எளிதில் ஜாமீன் கிடைக்காது, தண்டனை பத்தாண்டு வரை போகலாம். இருந்தும் 2024 நவம்பர் 13 அன்று, கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவரைப் பணியில் இருக்கும்போதே கத்தியால் குத்தினார்கள். குத்தியவர், சிகிச்சையில் இருந்த ஒரு தாயின் மகன். அவனுடைய ஆத்திரத்தின் அடியில் என்ன வேதனை இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஆனாலும் அந்த நேரத்தில் அடுத்த வரிசையில் உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாருக்கும் அன்று சிகிச்சை நின்றது. மருத்துவரை அடிப்பவன் அடுத்த கட்டிலில் இருப்பவனையும் சேர்த்தே அடிக்கிறான்.

நோயாளியின் பக்கமும் சட்டம் நிற்கிறது. விபத்தில் அடிபட்டவரைப் போலீஸ் நடைமுறை முடியட்டும் என்று காக்க வைக்கக் கூடாது, முதலில் உயிரைக் காப்பாற்று என்று உச்ச நீதிமன்றம் 1989இலேயே சொல்லிவிட்டது. அரசு மருத்துவருக்கும் தனியார் மருத்துவருக்கும் இது பொருந்தும். தொப்பூர் கணவாயில் லாரி மோதி அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிற நம் மாவட்டத்தாருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆம்புலன்ஸுக்கு வழி விடாமல் வண்டி ஓட்டினால் ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் என்று 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்த்தார்கள். நம் தேர்பவனிக்கும் இது பொருந்தும். சப்பரம் வருகிற நேரத்தில் 108 வந்தால் சப்பரம்தான் ஒதுங்க வேண்டும். மாதாவே ஒதுங்குவார்கள், நாம்தான் ஒதுங்கமாட்டோம்.

இனி வழிபாடு. அரசமைப்புச் சட்டத்தின் 25ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் மனச்சான்றின் உரிமையையும், தம் சமயத்தைக் கடைப்பிடிக்கும் உரிமையையும் தருகிறது. பொது ஒழுங்கு, நன்னெறி, சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்ற வரம்பும் அதே வாக்கியத்திலேயே இருக்கிறது. அதை யாரும் மறைக்கக் கூடாது. குற்றவியல் சட்டம் இன்னும் பழமையானது. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்தில் 295 முதல் 298 வரை இருந்த பிரிவுகள், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 298 முதல் 302 வரை வந்துவிட்டன. பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருந்தால் காவல் நிலையத்தில் குழப்பம் வரும், புது எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டப்படி கூடி வழிபடுகிறவர்களை வேண்டுமென்றே குலைத்தால் அது 300ஆம் பிரிவு. கல்லறைக்குள் அத்துமீறி நுழைவது, பிணத்தை அவமதிப்பது, அடக்கச் சடங்குக்குக் கூடியிருப்பவர்களுக்குத் தொல்லை தருவது ஆகியவை 301ஆம் பிரிவில் வருகின்றன. பிறர் மனம் புண்படும் என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். இரண்டுக்கும் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வாரண்டு இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கலாம். எந்தச் சமயத்தின் வழிபாடு, எந்தச் சமயத்தின் பிணம் என்று சட்டம் கேட்பதில்லை. கோவிலில், மசூதியில், நம் ஆலயத்தில், எல்லா இடத்திலும் ஒரே பிரிவுதான்.

300ஆம் பிரிவில் 'சட்டப்படி கூடியவர்கள்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். புதிய வழிபாட்டுக் கட்டடம் எழுப்ப நம் மாநிலத்தில் மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். அந்தக் காகிதம் இல்லாமல் சிற்றாலயம் கட்டிவிட்டு, பிறகு யாராவது வந்து நிறுத்தும்போது துன்புறுத்தல் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. ஒலிபெருக்கியும் அப்படித்தான். சென்னை மாதவரம் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு பெந்தகோஸ்து சபையின் ஒலிபெருக்கிக்கு எதிராகக் குடியிருப்போர் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்தச் சமயமும் சொல்லவில்லை என 2000 ஆகஸ்டில் நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்பது அதே ஆண்டில் வந்த விதி.

இந்த இடத்தில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு பங்கில் இருந்தபோது, திருவிழாவின் எட்டாம் நாள் இரவு. பாட்டுக் கச்சேரி பதினொரு மணியைத் தாண்டிவிட்டது. ஆலயத்துக்கு எதிர் வீட்டுப் பெண் ஒருவர் வந்து, அப்பாவுக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிறது, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்டிருக்கிறார். இன்னும் இரண்டு பாட்டுதான் என்று கமிட்டிப் பிள்ளைகள் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் நம் சமயத்தவர் அல்லர். நான் பங்குப் பணியகத்தில் விருந்தினரோடு உட்கார்ந்திருந்தேன். மணியைப் பார்த்தேன், கச்சேரி நீளுகிறது என்று தெரிந்தது, எழுந்து போகவில்லை. காலையில் எதிர் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். துக்கம் விசாரிக்கப் போனேன். அந்தப் பெண் என்னைத் திட்டவில்லை. "வாங்க" என்று சொல்லி நாற்காலி எடுத்துப் போட்டார். நான் ஐந்து நிமிடம்தான் அங்கே உட்கார முடிந்தது.

மாற்கு நற்செய்தியில், முடக்குவாதமுற்றவரை நால்வர் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வாசலில் வழி இல்லை. கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த வாசலை அடைத்து நின்றவர்கள் யார்? இறைவார்த்தை கேட்க வந்த பக்தர்கள்தான். நோயாளிக்கு வழி விடாதது பக்தியுள்ள கூட்டம். எதிர் வீட்டுப் பெண்ணை நினைக்கும்போதெல்லாம் இந்தப் பகுதிதான் எனக்கு நினைவு வருகிறது.

மூன்றாவதாக அடக்கம். நம் பகுதியில் சண்டை பெரும்பாலும் குழியில் வருவதில்லை, குழிக்குப் போகும் பாதையில்தான் வருகிறது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாலாற்றங்கரைக்குப் போகும் வழியை வேலி போட்டு மறித்ததால், தலித் மக்கள் தங்களில் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். அந்தப் படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உயர் நீதிமன்றம் அதையும் தானாகவே விசாரணைக்கு எடுத்தது. பட்டியலின, பழங்குடி மக்களுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2016 முதல் நடைமுறையில் உள்ள ஒரு திருத்தப் பிரிவு, சுடுகாடு இடுகாட்டையும் பொதுப் பாதையையும் சமமாகப் பயன்படுத்தத் தடை செய்வதையும், வழிபாட்டு இடத்துக்குள் போகவிடாமல் தடுப்பதையும், மருத்துவமனைக்குள் போகவிடாமல் தடுப்பதையும் ஒரே இடத்தில் குற்றமாக வைத்திருக்கிறது. ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை. நான் தொடக்கத்தில் சொன்ன மூன்று நேரங்களும் அந்த ஒரே பிரிவுக்குள் வந்துவிடுகின்றன.

ஆனால் அந்தப் பிரிவு நம் தலித் கிறிஸ்தவர்களுக்கு இல்லை. 1950 ஆகஸ்டு 10 அன்று வந்த குடியரசுத் தலைவர் ஆணை பட்டியலின நிலையை இந்துக்களுக்கு மட்டும் தந்தது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர்களும் இசுலாமியரும் இன்னும் வெளியேதான். ஒரே தெருவில், ஒரே சாதியில் பிறந்த இருவரின் பாடையை ஒரே ஆள் மறித்தாலும், ஒருவருக்கு ஒரு சட்டம், திருமுழுக்குப் பெற்றவருக்கு வேறு சட்டம். ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 அன்று நாம் கறுப்பு நாள் அனுசரிப்பது இதற்காகத்தான்.

அரசைக் கேட்கும் அதே வாயால் நம்மையும் கேட்க வேண்டும். திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கத்தோலிக்கரின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டம் எறையூரில், அடக்க ஊர்வலம் எந்தத் தெரு வழியாக ஆலயத்துக்கு வரலாம் என்பதில் கத்தோலிக்கருக்கும் கத்தோலிக்கருக்கும் நடுவே மூண்ட பகை முற்றி, 2008 மார்ச் 9 அன்று கலவரமாகி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். அது தவக்காலம். வெளியார் யாரும் வந்து நம் அடக்கத்தைத் தடுக்கவில்லை. ஒரே நற்கருணை வாங்கியவர்கள்தான் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

வெளியே நிலைமை கடினமாகி வருவதும் உண்மை. 2025 ஜனவரி 7 அன்று சத்தீஸ்கர் மாநிலம் பஸ்தர் பகுதியில் ஒரு கிறிஸ்தவப் போதகர் இறந்தார். சொந்த ஊரில் புதைக்க ஊரார் விடவில்லை. மகன் உயர் நீதிமன்றம் போனார், உச்ச நீதிமன்றம் போனார். உடல் ஏறக்குறைய மூன்று வாரம் பிணவறையில் கிடந்தது. ஜனவரி 27 அன்று இரண்டு நீதிபதிகளும் வேறு வேறு தீர்ப்புச் சொன்னார்கள். குடும்பத்தின் சொந்த நிலத்தில் புதைக்கலாம் என்றார் ஒருவர். ஒதுக்கப்பட்ட கல்லறையில்தான் புதைக்க வேண்டும் என்றார் மற்றவர். உடலை இன்னும் காக்க வைக்கக் கூடாது என்பதில் மட்டும் இருவரும் ஒன்றுபட்டு, இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியுள்ள கிறிஸ்தவக் கல்லறையில் போலீஸ் காவலோடு அடக்கம் செய்ய உத்தரவிட்டார்கள். கிறிஸ்தவர்களுக்கென்று அடக்க இடங்களை இரண்டு மாதத்துக்குள் ஒதுக்கித் தரும்படி அந்த மாநில அரசுக்கும் சொல்லப்பட்டது.

அந்த வழக்கில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமே நிலத்தின் காகிதத்தைத்தான் பார்த்தது. நம் மாநிலத்தில் 1999ஆம் ஆண்டின் ஊராட்சி இடுகாடு, சுடுகாடு விதிகளின்படி, அனுமதி பெற்ற இடத்தில்தான் புதைக்க வேண்டும், குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். சொந்தப் பட்டா நிலம்தானே, தாத்தாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவோம் என்று நம் கிளைக் கிராமங்களில் செய்வது நாளைக்கு வழக்காகும்.

யாராவது அடக்கத்தைத் தடுத்தால் என்ன செய்வது? கைகலப்பில் இறங்காதீர்கள். இறங்கினால் இரண்டு பக்கமும் வழக்கு, உடல் நடுரோட்டில். 100 அல்லது 112க்கு அழையுங்கள். வி.ஏ.ஓ.வுக்கும் வட்டாட்சியருக்கும் உடனே தெரியப்படுத்துங்கள். பாதைத் தகராறைத் தீர்க்க வருவாய்த் துறை வந்தே ஆக வேண்டும். புகாரை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள். நிலையத்தில் வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பலன் இல்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். யோசேப்பு தனியாகப் போனார், ஆனால் அவர் தலைமைச் சங்க உறுப்பினர். நாம் இரண்டு மூன்று பேராகப் போவது நல்லது. பக்கத்துத் தெருப் பெரியவர்களில் பிற சமயத்தார் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.

நம் பங்குக் கல்லறைத் தோட்டத்தின் பட்டா நகல் பணியகத்தில் இருக்கிறது. பாதை மட்டும் புலப்படத்தில், அதாவது எஃப்.எம்.பி.யில், பாதியோடு நின்றுவிடுகிறது. மீதிப் பாதை பக்கத்து நிலத்துக்காரரின் நல்ல மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. மூன்று தலைமுறையாக அவர்கள் குடும்பம் ஒருநாளும் தடுத்ததில்லை. அவர் இருக்கும்போதே நில அளவை செய்து பதிந்துவிடலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்பியப் பொறுப்பாளர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் பணியகத்துக்கு வாருங்கள். கல்லறைத் திருநாளுக்கு முன் மனு கொடுத்துவிட வேண்டும். கிளைக் கிராமங்களில் இருப்பவர்கள் தங்கள் ஊர் இடுகாட்டின் சர்வே எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொண்டுவாருங்கள்.